நீர்த்தேக்கக் கரையில் படகு எஞ்சினைத் திருட்டிலிருந்து காத்தல்

சிறிய படகொன்றின் பின்பலகையில் மாட்டப்படும் எஞ்சினை அங்கே பிடித்து வைத்திருப்பவை பெரும்பாலும் இரண்டு கிளாம்ப் திருகுகள் மட்டுமே. வெறுங்கையால் இறுக்குவதற்கென்று செய்யப்பட்ட திருகை வெறுங்கையாலேயே தளர்த்தவும் முடியும் என்பதை எஞ்சின் வாங்கும் நாளில் யாரும் நினைப்பதில்லை. பெற்றோல் குழாயைக் கழற்றி, திருகுகளைத் தளர்த்தி, எஞ்சினைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறி வீதிக்குப் போய்விட, பழகிய ஆளுக்குச் சில நிமிடங்கள் போதும். 2022ஆம் ஆண்டில் ரூபாயின் பெறுமதி சரிந்த பின்னர் புதிய எஞ்சினின் விலையும் உதிரிப்பாகங்களின் விலையும் எங்கே போயின என்பதைப் படகு வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருடியவருக்கு அது ஓர் இரவு வேலை. பறிகொடுத்தவருக்கோ பல ஆண்டுச் சேமிப்பு.

கடற்கரைக்குச் சொல்லப்படும் பாதுகாப்பு முறைகளை அப்படியே இலங்கையின் மலையகத்துக்குக் கொண்டுவர முடியாது. நமது நீர்நிலைகளில் பெரும்பாலானவை மின்சாரத்துக்காகக் கட்டப்பட்ட நீர்த்தேக்கங்கள். காசல்ரீயின் நீர் விமலசுரேந்திர மின்நிலையத்துக்கும், மவுஸ்ஸாக்கலையின் நீர் கெனியன் மின்நிலையத்துக்கும் திறந்துவிடப்படுகிறது. மழை குறைந்த தை, மாசி, பங்குனி மாதங்களில் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போகும். மஸ்கெலியாவின் பழைய நகரம் மூழ்கிய இடத்தில் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் வெளியே தெரியத் தொடங்கும் காலம் அது. நீர் இறங்க இறங்கப் படகும் கூடவே இறங்குகிறது. கார்த்திகையில் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், நின்றால் கண்ணுக்குத் தெரிந்த படகு, மாசியில் ஒரு மேட்டுக்கு அப்பால், ஆளரவமற்ற செம்மண் சரிவின் அடியில் கிடக்கிறது. அதே மாதங்களில்தான் சிவனொளிபாதமலை யாத்திரைக் காலமும் நடக்கிறது. இரவு முழுவதும் வெளியூர் வாகனங்கள் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா வழியாக ஓடிக்கொண்டிருப்பதால், நள்ளிரவில் வீதியோரத்தில் ஒரு வேன் நின்றாலும் அதை யாரும் வித்தியாசமாக நினைப்பதில்லை. படகு கண்ணுக்கு மறைவாகக் கிடப்பதும், அந்நிய வாகனம் சந்தேகத்தைக் கிளப்பாமல் நிற்பதும் ஒரே காலத்தில் நேர்வதே இங்குள்ள ஆபத்து.

எங்கள் குடும்பத்துப் படகின் எஞ்சின் அப்படியொரு மாசி மாதத்தில்தான் போனது. அக்கரைத் தோட்டத்து ஆட்களை வீதிப் பக்கம் ஏற்றி இறக்கும் படகு அது; ஓட்டியவர் என் அண்ணன். காலையில் கரைக்குப் போனபோது நாங்கள் முதலில் கண்டது பூட்டைத்தான். பித்தளை ஆமைப்பூட்டு பூட்டியபடியே, ஒரு கீறல்கூட இல்லாமல், சங்கிலியின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சங்கிலியை மாட்டியிருந்த சிறிய வளைய ஆணி, பின்பலகையிலிருந்து மரச் சிராய்களோடு பிடுங்கப்பட்டுத் தரையில் கிடந்தது. பலகையில் கிளாம்ப் தட்டுகள் அழுத்தியிருந்த இரண்டு வட்டங்களும் பழைய வண்ணப்பூச்சு மங்காமல் பளிச்சென்று தெரிந்தன. முதல் நாள் இரவு தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்ததால் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. வேன் ஒன்று நின்றதைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, மலைக்குப் போகிறவர்கள் இளைப்பாறுகிறார்கள் என்று எண்ணிப் படுத்துவிட்டார். பொலிஸில் முறைப்பாடு செய்யப் போனபோது கேட்கப்பட்ட முதற்கேள்வி தொடரிலக்கம் என்ன என்பது. அந்த இலக்கம் எழுதப்பட்டிருந்த ஒரே இடம், களவு போன எஞ்சினில் ஒட்டியிருந்த தகடுதான். கீழே எழுதியிருப்பவற்றில் பாதி, அந்தக் காலையில் எங்களிடம் இல்லாதவற்றின் பட்டியல்தான்.

வீட்டுக்குத் தூக்கிச் செல்லுதல்

தூக்கக்கூடிய எஞ்சின் என்றால் அதை இரவில் படகில் விட வேண்டாம். எத்தனை பூட்டுகளைப் பற்றிப் பேசினாலும் இதற்கு ஈடான பாதுகாப்பு வேறில்லை என்பது என் உறுதியான முடிவு. 8 குதிரைவலு டூ ஸ்ட்ரோக் எஞ்சினை ஒருவர் தனியாகத் தூக்கலாம். 15 குதிரைவலு டூ ஸ்ட்ரோக் எஞ்சின் 35 கிலோவை ஒட்டி வரும். அதே வலுவுள்ள ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் 45 முதல் 50 கிலோ வரை இருக்கும். இவற்றுக்கு இரண்டு பேர் வேண்டும். சேற்றிலும் சரிவிலும் தனியாகத் தோளில் ஏற்றுவது முதுகுக்கும் எஞ்சினுக்கும் கேடு. நீளமான மூங்கிலொன்றில் அகலமான நாடாப் பட்டியால் எஞ்சினைத் தொங்கவிட்டு, முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாகத் தூக்கிச் செல்வதே நமது ஒற்றையடிப் பாதைகளுக்கு ஏற்ற வழி. மரக்கறி மூட்டை தள்ளும் இரு சக்கரத் தள்ளுவண்டி, பாதை வறண்டிருக்கும் நாட்களில் மட்டும் உதவும்.

படகிலிருந்து கழற்றுவதற்கு முன்பு பெற்றோல் குழாயை எடுத்துவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட வேண்டும். அப்போது காபரேட்டரில் தேங்கியிருக்கும் பெற்றோல் தீர்ந்துபோகும். தாங்கி எஞ்சினோடு சேர்ந்த வகையாக இருந்தால், பெற்றோல் அடைப்பானையும் மூடியின் காற்றுத் திருகையும் இறுக்கி மூட வேண்டும். கழற்றிய பின் சற்று நேரம் நேராக நிறுத்தி வைத்தால் உள்ளே நிற்கும் குளிர்விக்கும் நீர் முழுவதும் வடிந்துவிடும். நீர் வடியும் முன்பு படுக்க வைத்தாலோ, நீரைத் தள்ளும் விசிறிப் பக்கம் தலைப்பக்கத்தைவிட உயர்ந்திருக்கும்படி தூக்கினாலோ, அந்த நீர் சிலிண்டருக்குள் இறங்கக்கூடும். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினைப் படுக்க வைப்பதற்கென்று குறிப்பிட்ட பக்கம் உண்டு. அது கையேட்டில் காட்டப்பட்டிருக்கும், சில எஞ்சின்களின் உடலிலேயே குறிக்கப்பட்டும் இருக்கும். தவறான பக்கம் படுக்க வைத்தால் எண்ணெய் போகக்கூடாத இடத்துக்குப் போகும். திருடனிடமிருந்து காப்பாற்றிய எஞ்சினை நாமே பழுதாக்குவதில் பயனில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்தபின் எங்கே வைப்பது என்பது லயத்தில் வாழ்பவர்களுக்குச் சிக்கலான கேள்வி. இடவசதி இல்லாத காம்பராவில் எஞ்சினையும் பெற்றோல் கேனையும் ஒரே மூலையில் வைத்துவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் விறகடுப்பு எரியும் வீடுகளை நான் கண்டிருக்கிறேன். இதில் நான் எந்தத் தளர்வும் காட்டமாட்டேன்: பெற்றோல் கேன் ஒருபோதும் ஆட்கள் உறங்கும் அறைக்குள் வரக்கூடாது. பெற்றோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோடு தவழ்ந்து அடுப்படி வரை போகும். கேனை வெளியே, நிழலில், பூட்டக்கூடிய காற்றோட்டமான பெட்டியில் வையுங்கள். காபரேட்டர் வறண்ட எஞ்சினை இஸ்தோப்பின் உட்பக்க மூலையில், கூரையைத் தாங்கும் தூணோடு சங்கிலியால் பிணைத்துப் படங்கால் மூடி வைக்கலாம். வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்று அங்கே பூட்டாமல் விடுவதும் தவறுதான். பகலில் எல்லோரும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போய்விட்டால் லயமே வெறிச்சோடிக் கிடக்கும்.

படகிலேயே விட வேண்டியிருந்தால்

25 குதிரைவலுவுக்கு மேற்பட்ட எஞ்சின்களை நாள்தோறும் கழற்றி மாட்டுவது நடைமுறைக்கு ஒவ்வாது. அவற்றைப் பின்பலகையோடு போல்ட் போட்டுப் பிணைக்க வேண்டும். சிறிய எஞ்சின்கள் பலவற்றிலும் கிளாம்ப் தாங்கியில் இதற்கான துளைகள் முன்கூட்டியே இருக்கின்றன. வாங்கியவர்கள் அவற்றைக் கவனிப்பதில்லை. எஞ்சினைச் சரியான உயரத்தில் நடுவாக வைத்து, அந்தத் துளைகளின் வழியே பின்பலகையைத் துளைத்து, துருப்பிடிக்காத உருக்கு போல்ட்டுகளை ஊடுருவச் செலுத்தி, உட்புறத்தில் அகலமான உருக்குத் தகடொன்றை வைத்து நட்டை இறுக்க வேண்டும். சிறிய வாசர் மட்டும் போட்டால் நெம்புகோலால் அதை மரத்தோடு சேர்த்துப் பிடுங்கிவிடலாம். துளையின் உட்சுவர் முழுவதும் படகு வேலைக்கென்று விற்கப்படும் நீர்புகாப் பசையைப் பூசிய பிறகே போல்ட்டைச் செலுத்த வேண்டும். பைபர் படகின் பின்பலகைக்குள் இருப்பது பெரும்பாலும் ஒட்டுப்பலகை. துளை வழியே ஈரம் உள்ளே போனால் சில ஆண்டுகளில் அது உளுத்துவிடும், அதன்பிறகு எந்த போல்ட்டும் பிடிக்காது.

நட்டை ஸ்பேனர் வைத்துக் கழற்றலாமே என்று கேட்கலாம், சரியான கேள்விதான். நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் புரியைச் சுத்தியலால் அடித்துச் சப்பையாக்கிவிட்டால் ஸ்பேனரால் கழற்ற முடியாது. ஆனால் எஞ்சினைப் பழுதுபார்க்க எடுக்க வேண்டிய நாளில் நாமும் கிரைண்டர் பிடிக்க வேண்டியிருக்கும். ஆகவே நான்கு போல்ட்டுகளில் இரண்டை மட்டும் இவ்வாறு அடித்துவிட்டு, மற்ற இரண்டை வழமையான நட்டோடு விடுவதே நடுவழியாக எங்களுக்குப் பட்டது. தனிச் சாவியால் மட்டும் கழற்றக்கூடிய பாதுகாப்பு நட்டுகளும் விற்பனையில் உள்ளன; அவை கிடைத்தால் புரியை அடிக்கத் தேவையில்லை.

போல்ட் போடாத சிறிய எஞ்சினுக்கு, இரண்டு கிளாம்ப் திருகுகளின் கைப்பிடிகளையும் ஒன்றாக மூடிப் பூட்டும் உருக்குக் குழாய்ப் பூட்டு ஏற்றது. நீளவாக்கில் பிளவுள்ள தடித்த குழாயை இரண்டு கைப்பிடிகளின் மீதும் பக்கவாட்டில் செலுத்தி, நுனியில் பூட்டினால் திருகுகள் சுழல முடியாது. இதை ஊர் வெல்டிங் பட்டறையிலும் செய்விக்கலாம். செய்விக்கும்போது பூட்டு குழாய்க்குள் பதிந்திருக்குமாறும், அதன் வளைகம்பி வெளியே மிகக் குறைவாகத் தெரியுமாறும் பார்த்துக்கொள்ளுங்கள். போல்ட் கட்டரின் வாய் நுழைய இடமில்லை என்றால் அந்தக் கருவியால் பயனில்லை. இரண்டு கைப்பிடிகளின் துளைகள் வழியே ஒரு மெல்லிய ஆமைப்பூட்டை மாட்டிவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. விளையாட்டுப் பிள்ளைகளைத் தடுக்க மட்டுமே அது போதும்.

சங்கிலி வாங்கும்போது தடிப்பை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். ஹார்ட்வெயார் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித்தரும் நாகம் பூசிய சங்கிலி மென்மையான உருக்கு. கடைக்காரரின் அனுமதியோடு ஒரு கண்ணியில் சிறிய அரத்தை வைத்து இழுத்துப் பாருங்கள்: அரம் கடித்துப் பளபளப்பான தடம் விழுந்தால் அது சாதாரணச் சங்கிலி, கடிக்காமல் கண்ணாடியில் வழுக்குவதுபோல் வழுக்கினால் அது கடினப்படுத்திய உருக்கு. கண்ணியின் கம்பி 10 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். இழைக்கம்பி வடம் கைக்கு இலகுவாக இருப்பதாலேயே பலர் வாங்குகிறார்கள்; அதை வெட்டும் கட்டர் சட்டைக்குள் மறையும் அளவு சிறியது. சங்கிலியைப் பூட்டும்போது தளர்வு இல்லாமல் இழுத்து, தரையைத் தொடாத உயரத்தில் பூட்டுங்கள். தரையில் கிடக்கும் சங்கிலிமேல் போல்ட் கட்டரின் ஒரு கையை ஊன்றி, முழு உடல் எடையையும் மறுகையில் செலுத்தலாம்; தொங்கும் சங்கிலியில் அப்படிச் செய்வது கடினம்.

இவற்றையெல்லாம் வாங்கி முடித்த பிறகு, ஒரு திருடனாக நின்று படகைப் பாருங்கள். பூட்டு, சங்கிலி, சங்கிலியை மாட்டிய இடம், அந்த இடத்தைத் தாங்கும் பலகை ஆகிய நான்கில் எது எளிதில் விட்டுக்கொடுக்கும்? எங்கள் படகில் விரலளவு வளைய ஆணி விட்டுக்கொடுத்தது. இன்று சங்கிலி மாட்டியிருக்கும் வளையம், உட்புறத் தகட்டோடு ஊடுருவிப் போல்ட் போடப்பட்ட U வடிவக் கம்பி. மரப் பின்பலகையை இருபுறமும் வாளால் அறுத்து, எஞ்சினையும் பூட்டையும் சேர்த்தே தூக்கிச் செல்லும் திருடர்களும் உண்டு. பலகையின் மேல்விளிம்பில் எஞ்சினின் இரு பக்கமும் உருக்குப் பட்டை பதித்துவிட்டால் வாள் அங்கே நின்றுவிடும்.

எஞ்சின் முழுதாகப் போகாவிட்டாலும் அதன் துண்டுகள் போகலாம். விசிறியும், அது பொருத்தப்பட்டிருக்கும் கியர் பெட்டியும் சில போல்ட்டுகளோடு கழன்று வரக்கூடியவை. மேல்மூடியும் விலைபோகும் பொருள்தான். விசிறி நட்டுக்கான பூட்டுகள் கடைகளில் உள்ளன. மேல்மூடியின் கொளுவியைச் சுற்றிச் சங்கிலியின் ஒரு சுற்றை எடுத்துச் சென்றால் இரண்டும் ஒரே பூட்டில் அடங்கும்.

கரையில் எங்கே கட்டுவது

மரத்தில் கட்டுவதை நம்ப வேண்டாம். கைவாள் ஒன்றிருந்தால் சவுக்கு மரமும் டர்பன்டைன் மரமும் சில நிமிடங்களில் விழும். நீர் மிகக் கீழே போயிருக்கும் மாதங்களே நிலையான பிடிமானம் அமைப்பதற்கு ஏற்ற காலம். சரிவில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று இடங்களில், இரண்டரை அடி ஆழக் குழி வெட்டி, அடியில் கம்பிக் குறுக்குச் சட்டம் வைத்து, நடுவில் தடித்த உருக்கு வளையம் மேலே தெரியுமாறு கொங்கிரீட் நிரப்பிவிட்டால், நீர் ஏறினாலும் இறங்கினாலும் படகு எப்போதும் ஏதாவதொரு வளையத்துக்குச் சங்கிலி எட்டும் தூரத்தில் இருக்கும். நீரில் மூழ்கும் வளையங்களுக்கு மேலே அடையாளமாக ஒரு மிதவையைக் கட்டிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த மழைக்காலத்தில் அதுவே விசிறியை உடைக்கும். நீர்த்தேக்கக் கரையில் கொங்கிரீட் போடுவதற்கு முன்பு அதைப் பராமரிக்கும் அலுவலகத்தில் அனுமதி கேட்பது அவசியம்.

கரையிலிருந்து சில பாகத் தூரம் தள்ளி நங்கூரமிட்டால் திருடன் நீந்தித்தான் வர வேண்டும். இரவில் இந்தக் குளிர்ந்த நீரில் இறங்க எவரும் தயங்குவார்கள். ஆனால் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மூடப்படாத படகு ஓர் இரவிலேயே அபாயமான அளவு நிரம்பக்கூடும். படகின் பின்பக்கம் எஞ்சின் பாரத்தால் ஏற்கெனவே தாழ்ந்திருப்பதால் நீர் அங்கேயே சேரும். படங்குக் கூரையோ, தானாக நீர் இறைக்கும் பம்போ இல்லாதவர்கள் வைகாசி முதல் புரட்டாதி வரை இந்த முறையைத் தவிர்ப்பது நல்லது.

நுவரெலியாவின் கிரகரி வாவியில் படகு வைத்திருப்பவர்களின் நிலை வேறு. 1873ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அந்த வாவி ஊருக்கு நடுவே, வீதி விளக்கின் ஒளியில் இருக்கிறது. அங்கே மறைவிடம் குறைவு. எனினும் சித்திரை மாத வசந்த காலக் கூட்டத்தில் யார் படகோட்டி, யார் அந்நியர் என்று பிரித்தறிவது கடினம் என்பதால், குழாய்ப் பூட்டைப் பகலிலும் கழற்றாமல் விடுவதே பொருத்தம்.

அடையாளம் இடுதல்

எஞ்சினைக் காக்கும் வேலையில் மிகக் குறைந்த செலவுள்ளதும், மிக அதிகமாகப் புறக்கணிக்கப்படுவதும் இதுதான். தொடரிலக்கத் தகடு கிளாம்ப் தாங்கியின் பக்கவாட்டில் சிறிய ஆணிகளால் பதிக்கப்பட்டிருக்கும் அல்லது ஒட்டப்பட்டிருக்கும்; திருடன் முதலில் எடுத்தெறிவது அதைத்தான். ஆகவே இலக்க உளிகளால் நாமே அடையாளம் அடிக்க வேண்டும். படகின் பதிவிலக்கம் இதற்கு ஏற்றது. பதிவிலக்கம் இல்லையென்றால் குடும்பம் மட்டும் அறிந்த நான்கைந்து எழுத்தும் இலக்கமும் போதும். ஓரிடத்தில் எல்லோரும் பார்க்குமாறு பெரிதாகவும், மேல்மூடியைத் திறந்தால் மட்டும் தெரியும் ஓரிடத்திலும், கிளாம்ப் தாங்கியின் அடிப்பக்கம்போல் யாரும் குனிந்து பார்க்காத ஓரிடத்திலுமாக மூன்று இடங்களில் அடியுங்கள். நீர் ஓடும் பகுதியிலும் எண்ணெய்ப் பகுதியிலும் உளியை வைக்கக்கூடாது. அலுமினிய வார்ப்பு வெடித்துவிடும். உளியால் அடிக்கப்பட்ட இலக்கத்தை அராவி அழித்தாலும், அழித்த தடமே வாங்குபவரைச் சந்தேகப்பட வைக்கும்.

மேல்மூடிக்குக் கண்ணைப் பறிக்கும் வண்ணம் பூசுவதும் நல்ல வழக்கம். எங்கள் இரண்டாவது எஞ்சினின் மேல்மூடி மஞ்சளும் சிவப்புமாகக் கோயில் தேர்போல இருக்கிறது. கரையில் உள்ள அத்தனை பிள்ளைகளுக்கும் அது யாருடையது என்று தெரியும். விற்க நினைப்பவர் முதலில் அதைச் சுரண்ட வேண்டும், வேறு வண்ணம் பூச வேண்டும், காய வைக்க வேண்டும்.

தொடரிலக்கத் தகட்டை எழுத்து தெளிவாகத் தெரியுமாறு படம் எடுங்கள். எஞ்சினை நான்கு புறமும், கீறல், ஒடுக்கு, பழுதுபார்த்த தழும்பு ஆகியவற்றை அருகிலும் எடுங்கள். பற்றுச்சீட்டையும், படகின் பதிவுப் பத்திரத்தையும், நீர்த்தேக்கத்தில் படகு விடுவதற்கான அனுமதிப் பத்திரத்தையும் படமெடுத்து, கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கும் உறவினர் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். கைத்தொலைபேசி நீரில் விழுந்தாலும் அவை அங்கே இருக்கும். காப்புறுதி எடுத்திருப்பவர்கள், இரவில் எஞ்சின் எவ்வாறு பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் நிபந்தனை இருக்கிறதா என்பதை இன்றே வாசித்துப் பார்ப்பது நல்லது.

இருப்பிடம் காட்டும் கருவிகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். சிம் அட்டை போட்டு இயங்கும் சிறிய கருவியை மேல்மூடிக்குள் மறைத்து வைக்கலாம். ஆனால் மலைமடிப்புகளுக்குள் அலைவரிசை எட்டாத இடங்கள் ஏராளம். எஞ்சின் பல நாட்கள் ஓடாமல் நின்றால் அதன் மின்கலமும் தீர்ந்துவிடும். உங்கள் கரையில் கைத்தொலைபேசிக்கு அலைவரிசை தெளிவாகக் கிடைக்குமானால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அந்தப் பணத்தில் நல்ல சங்கிலி வாங்குங்கள். ஆள் நடமாட்டத்தில் எரியும் சூரியஒளி விளக்கு எங்கும் பயன்படும், அதைப் பார்க்க ஒரு வீடாவது இருக்கும் பட்சத்தில்.

அந்த வீடு மிக முக்கியம். நீர் இறங்கிப் படகு இடம் மாறும்போது, புதிய இடத்துக்கு மிக அருகிலுள்ள வீட்டாரிடம் போய், இரவில் இன்ன நேரத்துக்கு மேல் எங்கள் ஆட்கள் யாரும் படகுக்கு வரமாட்டார்கள் என்று சொல்லிவைப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. தோட்டத்து இரவுக் காவலாளியிடமும் அதையே சொல்கிறோம். நான்கைந்து படகுகள் ஒரே இடத்தில் சேர்ந்து கிடந்தால் ஒருவர் மாறி ஒருவர் காவல் இருக்கவும் முடியும். தனியாக ஒதுங்கிக் கிடக்கும் படகைத்தான் திருடன் தேடுகிறான்.

போய்விட்டால், பழையது வாங்கப் போனால்

எஞ்சின் காணாமல்போன காலையில் படகையும் சங்கிலியையும் தொடாமல், சேற்றிலுள்ள கால்தடங்களை மிதிக்காமல் படம் எடுத்துவிட்டு, 119க்கோ அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கோ உடனே அறிவியுங்கள். முறைப்பாட்டில் தொடரிலக்கத்தோடு நீங்கள் அடித்த இரகசிய அடையாளத்தின் இடத்தையும் எழுதச் செய்து, முறைப்பாட்டு இலக்கத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். பிறகு ஹட்டன், நுவரெலியா, கண்டி ஆகிய ஊர்களில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் கராஜ்களுக்குப் படங்களை அனுப்புங்கள். கடற்கரை மீனவ ஊர்களில் தெரிந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் அனுப்புங்கள், ஏனெனில் மலையகத்தில் விற்க முடியாத எஞ்சினுக்கு அங்கே எப்போதும் தேவை இருக்கிறது. யாராவது அழைத்து எஞ்சின் தன்னிடம் இருப்பதாகச் சொன்னால், தனியாகப் பணத்தோடு போக வேண்டாம். பொலிஸாருக்குச் சொல்லிவிட்டே போங்கள். மேல்மூடிக்குள் இருக்கும் அடையாளத்தின் படத்தை அவரிடமே கேட்டுப் பாருங்கள். அது உங்கள் எஞ்சின்தானா என்பது அந்த ஒரு படத்தில் தெரிந்துவிடும்.

இழப்புக்குப் பின் பழைய எஞ்சின் ஒன்றை மலிவாக வாங்கிச் சமாளிக்கலாம் என்ற எண்ணம் எங்களுக்கும் வந்தது. ஒருவர் காட்டிய எஞ்சினில் தகடு இருந்த இடத்தில் இரண்டு வெற்று ஆணித் துளைகள் மட்டும் இருந்தன. பற்றுச்சீட்டைக் கேட்டதற்கு, பெருவெள்ளத்தில் போய்விட்டது என்றார். அண்ணன் அந்தத் துளைகளில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் தம்பி என்று எழுந்துவிட்டார். திருட்டுப் பொருளென்று அறிந்தும் வாங்குவது சட்டப்படி குற்றம்; அதைவிட, இன்னொரு கரையில் இன்னொரு குடும்பம் அதே காலையில் நின்றுகொண்டிருக்கும். தகடும் பற்றுச்சீட்டும் ஒத்துப்போகும் எஞ்சினுக்காக மேலும் எட்டு மாதம் துடுப்பு வலித்தே ஆட்களை ஏற்றி இறக்கினோம். கிடைத்த நாளில் அது நீரைத் தொடுவதற்கு முன்பே, இஸ்தோப்பில் சாக்கை விரித்து அதைக் கிடத்தி, இலக்க உளிகளை எடுத்தோம்.